தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு கால்பந்து

சதுரங்கப்பட்டினத்துக்குப் போயிருக்கிறீர்களா? மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் பஞ்ச ரதங்களைப் பார்ப்பார்கள், கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்பார்கள், அப்படியே திரும்பி விடுவார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை. ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து மெல்லிய மஸ்லின் துணி கப்பல் கப்பலாகப் போயிற்று. 1782-ல் இந்தக் கடலில்தான் ஆங்கிலேயரின் கப்பற் படையும் பிரெஞ்சுக்காரரின் கப்பற் படையும் மோதிக்கொண்டன. இன்று மஸ்லினும் இல்லை, பீரங்கிச் சத்தமும் இல்லை. கோட்டைக்குள்ளே ஒரு சிறிய இடுகாடு இருக்கிறது. கற்பலகைகளில் அழகான எழுத்துக்கள். டச்சுக்காரர்களின் பெயர்கள், வருஷங்கள். உப்புக் காற்று இத்தனை காலம் அடித்தும் படிக்க முடிகிறது.

அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு விபரீதமான யோசனை வந்தது. எங்கேயோ ஹாலந்து தேசத்திலிருந்து வந்து, 300 வருஷத்துக்கு முன்பு கண்ணை மூடிய மனிதரின் பெயரை இன்று யாரும் வாசித்துவிடலாம். ஆனால் 60, 70 வருஷத்துக்கு முன்பு எடுத்த நம் தாத்தாவின் காலேஜ் குரூப் போட்டோவில், பின் வரிசையில் இடது பக்கமிருந்து மூன்றாவதாக நிற்கிறாரே, அவர் யார்? நம் வீட்டில் யாருக்காவது தெரியுமா?

ஒரு வீட்டை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். சதுரங்கப்பட்டினத்திலோ, செங்கற்பட்டிலோ, மாம்பலத்திலோ இருக்கட்டும். நாளைக்குப் போகிப் பண்டிகை. பரணிலிருந்து பழைய சாமான்கள் இறங்குகின்றன. ஒரு துருப்பிடித்த ட்ரங்குப் பெட்டி. திறந்தால் அந்துருண்டை வாசனை. ஒரு கம்பளிக் கோட்டு, சூம்பிப் போன தோல் பந்து, கறுத்த கோப்பை ஒன்று, சட்டம் போட்ட போட்டோ.

"அத்தை, இந்தப் பந்தை என்ன செய்வது? போகியிலே போட்டு விடலாமா?"

"ஐயையோ! அது அவர் காலேஜிலே ஆடின பந்து! உள்ளேயே வை."

"எந்த வருஷம், அத்தை? யாரோடு ஆடினார்?"

"அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அவர் சொல்லுவார். நான் அடுப்படியிலிருந்து கேட்பேன்."

இந்த ஆண்டு தப்பியது பந்து. ஆனால் அத்தை இருக்கிற வரைக்கும்தானே 'ஐயையோ' என்று சொல்ல ஆள் இருக்கும்? அதற்கப்புறம் அது வெறும் பழந்தோல். கோப்பையின் கதி இன்னும் மோசம். பழைய பாத்திரத்துக்கு எவர்சில்வர் கொடுக்கிறவர் வாசலில் குரல் கொடுத்தால், ஒரு ஸ்பூன் டப்பாவுக்குப் போய்விடும்!

அந்த நாள் ஆட்டம்

இந்தக் கரையோரத்துப் பிள்ளைகள் காலேஜுக்கு வடக்கே போனார்கள். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. காடும் மைதானமுமாக விசாலமான இடம். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று அங்கே ஹாஸ்டல்கள் உண்டு. மாணவர்களுக்குத் தங்கள் ஹாலின் மானத்தைக் காப்பாற்றுவதே பெரிய வேலை! இன்னும் உள்ளே போக விரும்பியவர்களுக்குக் கடற்கரை வரையில் மின்சார ரயில் 1931 முதலே ஓடிக்கொண்டிருந்தது. லயோலா, பச்சையப்பன், பிரஸிடென்ஸி என்று வரிசையாகக் கலாசாலைகள். விளையாட்டையே படிப்பாகச் சொல்லிக் கொடுக்க, ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்திருந்தார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்தியக் கோஷ்டியின் மானேஜரும் அவரே.

அப்போது கால்பந்துக்கு இந்தியாவில் இருந்த மவுசு இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கோஷ்டியின் காப்டன் யார் தெரியுமா? தாலிமெரன் ஆவோ என்ற நாகா இளைஞர், கல்கத்தாவில் டாக்டர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த காலேஜ் மாணவர்! துவக்க விழாவில் இந்தியாவின் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தவரும் அவர்தான். ஜூலை 31-ந் தேதி பிரான்சுடன் பந்தயம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. கிடைத்த 2 பெனால்டிகளும் வீணாகி, 2-1 என்று தோற்றோம். ஆவோ ஊர் திரும்பிப் படிப்பை முடித்தார், டாக்டரானார், நாகாலாந்தில் வைத்தியம் பார்த்தார். பந்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை.

1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று புரட்டி எடுத்த பிறகுதான் பூட்ஸ் போட்டு ஆடியே தீரவேண்டும் என்று சட்டம் வந்தது. அப்புறம் பாருங்கள்! 1956 மெல்போர்னில் நாலாவது இடம். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து ஆசியத் தங்கம். அந்தக் கோஷ்டியில் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் நம் தமிழர். இந்தச் சேதிகளைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் நம் தாத்தாக்கள் மாலை 4 மணிக்கு மைதானத்துக்கு ஓடினார்கள். வகுப்பில் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்பதை மட்டும் பேரன் பேத்திகளிடம் அவர்கள் சொல்வதில்லை.

பெட்டியைப் பிரிப்போம்

ஒவ்வொரு சாமானும் தன் கதையைக் கொஞ்சம் தானே சொல்லும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் போட்டோ. நடுவில் கோட்டும் டையுமாகப் பிரின்ஸிபால் அல்லது உடற்பயிற்சி டைரக்டர். நாற்காலிகளில் காப்டன் முதலானோர். கீழே சம்மணமிட்டு இரண்டு சிறிசுகள். அவர்கள் நடுவே ஒரு பந்து. அதில் வெள்ளைச் சாயத்தில் வருஷம் எழுதியிருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிறகு கால்களைப் பாருங்கள். எல்லாரும் வெறுங்காலா, பாதிப் பேர் பூட்ஸா? காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஒட்டியிருக்கும் அட்டையின் அடியில் பெயர்கள் அச்சிட்டிருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் முக்கால்வாசி வீடுகளில் சட்டத்துக்கு அளவு பொருந்தவில்லை என்று அந்த அட்டையைத்தான் முதலில் கத்தரித்திருப்பார்கள்!

அடுத்தது பந்து. இன்றைய பந்தைப் போல் அல்ல. தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடரை நுழைத்து, காற்றடித்து, அதன் கழுத்தைக் கட்டி உள்ளே மடித்துத் தள்ளி, வாயைச் செருப்பு நாடாவைப் போன்ற தோல் கயிற்றால் இழுத்துத் தைக்க வேண்டும். சட்டப்படி ஆட்டம் துவங்கும்போது எடை 14 முதல் 16 அவுன்ஸ். மழையில் நனைந்துவிட்டால் தண்ணீரைக் குடித்துக் கல்லாய்க் கனக்கும். தலையால் முட்டுகிறவர் நெற்றியில் அந்த நாடா முடிச்சு பட்டால், முத்திரை குத்தியது போலப் பதியும். தாத்தா நெற்றியில் ஒரு சின்ன வடு இருந்தால், பாட்டி மேல் சந்தேகப்படாதீர்கள்!

பந்தின் மேல் கம்பெனி முத்திரை மங்கலாகத் தெரிகிறதா? சியால்கோட் என்று இருந்தால் பெரும்பாலும் 1947-க்கு முந்தியது. ஜலந்தர் என்று இருந்தால் அதற்குப் பிந்தியதாக இருக்கலாம். பாரதம் இரண்டானபோது, சியால்கோட்டில் பந்து தைத்துப் பிழைத்த குடும்பங்கள் பல ஊசியையும் தொழிலையும் எடுத்துக்கொண்டு ஜலந்தருக்கு வந்து குடியேறின. தேசப் பிரிவினையின் ஒரு துளி நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது!

கோட்டு என்றேனே, அது பிளேசர். மார்புப் பையின் மேல் காலேஜ் சின்னத்தை நூலால் பின்னியிருக்கும். பணம் கொடுத்தால் வாங்கக்கூடியதல்ல. கோஷ்டியில் ஆடிக் 'கலர்ஸ்' சம்பாதித்தவருக்கே அந்தச் சின்னம். அமெரிக்காவிலும் இதே கிறுக்கு உண்டு. அங்கே காலேஜ் புட்பால் என்பது வேறு ஆட்டம். பெயரில்தான் கால், பந்து போவதெல்லாம் பெரும்பாலும் கையோடு! 1869-ல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் முதல் காலேஜ் பந்தயம் என்கிறார்கள். ஆட்டக்காரருக்குக் காலேஜ் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகப் பின்னிய கம்பளிச் சட்டை கிடைக்கும். அதைத் தம் மனத்துக்குப் பிடித்த பெண்ணுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுப்பது வழக்கமாம். நம் தாத்தாக்கள் அப்படிக் கொடுத்திருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும்!

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

இனி வீட்டு அம்மாக்களுக்குச் சில விஷயங்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியங்களே இந்தச் சாமான்களுக்கு எமனாக முடிகின்றன.

அந்தக் காலக் கோப்பைகளில் பெரும்பாலானவை முழு வெள்ளி அல்ல. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த உலோகத்தின் மேல் மெல்லிய வெள்ளி முலாம். அடியில் 'இ.பி.என்.எஸ்.' என்ற எழுத்துக்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும். நாலைந்து போகிக்குப் பிறகு முலாம் போய் அடியிலுள்ள உலோகம் எட்டிப் பார்க்கும். செதுக்கிய எழுத்தும் கூடவே மழுங்கும். மிருதுவான துணியால் துடைத்தால் போதும். கொஞ்சம் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டுமே! பதக்கத்தைப் பிளேசர் பையிலேயே போட்டு வைப்பதும் தப்பு. கம்பளியில் கந்தகச் சத்து உண்டு. அது வெள்ளியைக் கறுக்க அடிக்கும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினாலும் இதே கதிதான்.

பிளேசரைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம். நிழலில் உதறிக் காற்றாட விட்டு, மெல்லிய பிரஷால் தூசி தட்டலாம். அந்துருண்டையைத் துணி மேல் நேராக வைக்காமல் சிறு மெல்லிய துணிப்பையில் முடிந்து வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் வைப்பது பாட்டிமார் முறை. சதுரங்கப்பட்டினத்து மஸ்லின் கிடைத்தால் அந்துருண்டையை அதிலேயே முடியலாம். ஆனால் அதற்கு 300 வருஷம் பின்னால் போகவேண்டும்.

தோல் பந்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், தோல் கறுத்துப் பிசுபிசுத்து, மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். காற்றடித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். இற்றுப்போன தையல் விட்டுப் போகும்.

போட்டோ விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கடலோர ஈரக் காற்றில் பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலேயே வைத்துப் படம் எடுத்து ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, லாமினேஷன். சர்ட்டிபிகேட்டையும் படத்தையும் லாமினேட் செய்துவிட்டால் நித்தியமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே பரவியிருக்கிறது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் படம் கெடாமல் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். ராமபாணப் பூச்சி கூட இவ்வளவு கெடுதல் செய்யாது.

பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டை மேல் தூக்கி வைக்கலாம். அதற்கும் மீறிய ஆபத்து உண்டென்று இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் கல்பாக்கத்திலும் சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்திலும் கடல் ஊருக்குள் வந்தது. உயிர்களே போயின, பெட்டியை யார் பார்த்தார்கள்? ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கல்யாணப் போட்டோவையும் காலேஜ் போட்டோவையும் எந்த ஆபீஸில் மனுப் போட்டு வாங்குவது? அதனால்தான் சொல்கிறேன்: எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வேறு ஊரிலிருக்கும் பிள்ளைக்கோ நாத்தனாருக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

கொடுத்தவர் கண்ட பலன்

'வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது, ஏதாவது மியூஸியத்துக்குக் கொடுத்துவிடலாமே?' என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் பல்பீர் சிங்கின் கதையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவர் ஆடியது கால்பந்து அல்ல, ஹாக்கி. 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். 1952 இறுதிப் பந்தயத்தில் இந்தியா போட்ட 6 கோல்களில் 5 அவருடையவை. 1956-ல் மெல்போர்னில் அவரே காப்டன். 1985-ல், மியூஸியம் அமைக்கப் போகிறார்கள் என்று நம்பி, அந்தக் காப்டன் பிளேசரையும் 36 பதக்கங்களையும் நூற்றுக்கு மேற்பட்ட அபூர்வப் புகைப்படங்களையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். நல்ல வேளையாக ஒலிம்பிக் தங்கங்கள் மூன்றையும் கொடுக்கவில்லை.

மியூஸியம் வரவில்லை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் ஒரு காட்சிக்காகச் சாமான்கள் தேவைப்பட்டபோதுதான் அவை காணவில்லை என்பதே தெரிய வந்தது! குடும்பத்தார் கடிதம் எழுதினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்த்தார்கள். 2020 மே 25-ந் தேதி, 96-வது வயதில், பல்பீர் சிங் காலமானார். அதுவரை அந்தப் பிளேசர் அவர் கைக்குத் திரும்பவில்லை.

நாட்டுக்கே பெருமை தேடித் தந்தவர் சாமானுக்கு இந்தக் கதி என்றால், நம் தாத்தாவின் தாம்பரத்துக் கோப்பை எம்மாத்திரம்? காலேஜுக்கோ மியூஸியத்துக்கோ கொடுப்பதானால் ஒவ்வொன்றையும் படமெடுத்து, ஜாபிதா எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தானம் கொடுத்ததற்கு ரசீது கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம்.

பாகப் பிரிவினை

வீட்டிலேயே இருந்தால் வேறொரு சங்கடம். ஒரு கோப்பை, மூன்று பிள்ளைகள்! இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி அல்ல. 1966-ல் உலகக் கோப்பையை ஜெயித்த இங்கிலாந்துக் கோஷ்டியில் நாபி ஸ்டைல்ஸ் என்று ஒருவர். முன்பல் இல்லாமல் மைதானத்தில் குதித்துக் கூத்தாடி உலகத்தையே சிரிக்க வைத்தவர். அவருக்கு மூன்று மகன்கள். ஒரு பதக்கத்தை மூன்றாக வெட்ட முடியுமா? 2010-ல் தம் பதக்கங்களை ஏலத்தில் விட்டார். உலகக் கோப்பைப் பதக்கத்தை 1,60,000 பவுனுக்கு எடுத்தது அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பே.

நம் தாத்தாவின் கோப்பைக்கு அவ்வளவு பணம் யாரும் தரப் போவதில்லை. அதனால் சண்டை வராது என்று நினைக்காதீர்கள். எல்லாரும் வேண்டுமென்று சண்டை போட்டாலாவது தேவலை. யாருக்கும் வேண்டாம் என்று ஒருவர் வீட்டிலிருந்து ஒருவர் வீட்டுக்குத் தள்ளுவதுதான் நான் பார்த்தவரையில் அதிகம். கோப்பை ஒருவருக்கு, பிளேசர் ஒருவருக்கு, போட்டோவின் பிரதி எல்லாருக்கும் என்று பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பங்கு சொல்லிவிடுவது உத்தமம்.

ஒரு பழைய பனியனின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு கதை. 1986 உலகக் கோப்பையில் மாரடோனா கையால் ஒரு கோலும் காலால் ஒரு கோலும் போட்டு இங்கிலாந்தை வீழ்த்தினார் அல்லவா? ஆட்டம் முடிந்ததும் ஸ்டீவ் ஹாட்ஜ் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் அவரோடு சட்டையை மாற்றிக்கொண்டார். பல வருஷம் வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கால்பந்து மியூஸியத்துக்கு இரவல் கொடுத்தார். 2022 மே மாதம் ஏலத்துக்கு வந்தபோது, 'இது அப்பா முதல் பாதியில் போட்ட சட்டை. கோல் போட்டபோது போட்டது வேறு' என்று மாரடோனாவின் மகள் ஆட்சேபித்தார். ஏலக்காரர்கள் சட்டையின் கோடுகளையும் சின்னத்தையும் அந்த நாள் படங்களோடு நுணுக்கமாக ஒப்பிட்டுப் பார்த்து, இதுவேதான் என்றார்கள். 70 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று! துணி அதே துணிதான். முதல் பாதியா இரண்டாம் பாதியா என்ற ஒரு வாக்கியத்தில் இருந்தது அத்தனை பணமும்.

நம் வீட்டில் அந்த வாக்கியம் பாட்டியிடம் இருக்கிறது. பாட்டி மைதானத்துப் பக்கமே போனதில்லை. பெண்பிள்ளை அங்கே போவதாவது! ஆனால் தாத்தா 50 வருஷமாகத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதையே சொன்னாரே, அதையெல்லாம் கேட்டவர் அவர்தான். 'எனக்கு எங்கே தெரியும்' என்பார். நம்பாதீர்கள். மத்தியானக் காப்பிக்குப் பிறகு போட்டோவைக் கையில் கொடுத்து, "இவர் யார் பாட்டி, நம் வீட்டுக்கு வந்திருக்கிறாரா?" என்று கேளுங்கள். பந்தயத்தின் ஸ்கோர் வராது. ஆனால், "இவரா? நம்ம கல்யாணத்துக்கு மதுராந்தகத்திலிருந்து வந்து நாலு நாள் தங்கினாரே! இவர் அண்ணாவுக்குத்தான் உங்க அத்தையைக் கேட்டார்கள்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டதை அன்றைக்கே படத்தின் பின்புறம், மெதுவான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவிடுங்கள். பேனா மை காலப்போக்கில் ஊறி முன்பக்கம் தெரியும்.

அடுத்த பெட்டி

இதுவரை தாத்தாவின் பெட்டி. இனி வரப்போகும் பெட்டிகளில் பாட்டியின் பனியன்களும் இருக்கும்! 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில், பல தடவை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் தடவையாகக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோஷ்டியில் ஆடிய இந்துமதி கதிரேசன் இதே கடற்கரையில் தெற்கே உள்ள கடலூர்க்காரர், இந்தியாவுக்காகவும் ஆடியிருக்கிறார். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் ஜெயித்து மறுபடியும் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது.

உங்கள் வீட்டில் காலேஜ் கோஷ்டிக்கு ஆடுகிற பெண் இருக்கிறாளா? அவளுடைய ஜெர்ஸி இந்தக் காலத்துச் செயற்கை இழைத் துணி, பூச்சி அரிக்காது. ஆனால் முதுகில் வெறும் நம்பர்தான் இருக்கிறது. 8-ம் நம்பர் யாருடையது என்று 2080-ல் எப்படித் தெரியும்? ஒரு விரல் அகல வெள்ளை நாடா எடுத்து, அதில் அழியாத மையால் அவள் பெயர், காலேஜ், வருஷம், எந்த ஊர்ப் பந்தயம், எத்தனை கோல் என்று எழுதி, கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் நாலு தையல் போட்டு விடுங்கள். அடுத்த சலவைக்குப் போடுவதற்கு முன்பே.